குலுங்கக் கூடாது

"படு."

"என்னது?"

"பின் சீட்ல காலை நீட்டிப் படுங்கறேன். தெருக்கோடி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்."

அவள் துவைத்த துணிகளில் பாதியைக்கூட இன்னும் காயப்போடவில்லை. வாசலில் அவள் கணவர் அந்தப் பழைய பெரிய காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், மகாராணியை ஏற்றப்போகிற மாதிரி.

"நான் என்ன மூட்டையா? உட்கார்ந்து வந்தா ஓடாதா உங்க வண்டி?"

"உட்கார்ந்தா தெரியாது. படுத்தாத்தான் குலுக்கல் தெரியும்."

தலையெழுத்தே என்று ஏறிப் படுத்தாள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அந்தக் கார்தான் மூத்த பிள்ளை. கம்பெனிக்காரன் போட்ட ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற விடமாட்டார். கேட்டால், "ஒரிஜினல்!" என்று மார்தட்டுவார். பள்ளத்தில் இறங்கினால் கூரையில் தலை இடிக்கும். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நிற்கும். "என் இடுப்பே கழண்டு போச்சு, அந்த ஸ்பிரிங்கையாவது மாத்தித் தொலைங்களேன்" என்று அவளும் வருஷக்கணக்கில் கத்திப் பார்த்துவிட்டாள். காதில் ஏறினால்தானே?

அப்படிப்பட்ட மனிதர்தான் திடீரென்று மெக்கானிக் ஷெட்டே கதி என்று கிடந்தார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், நாலு பக்கமும் புது ஷாக் அப்சார்பர், பின்னால் புது ஸ்பிரிங் பட்டை. பழைய கார் ஊர்வலத்தில் பரிசு வாங்கத்தான் இத்தனை கூத்தும் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

வேகத்தடையில் ஏறி இறங்கியது வண்டி.

"வலிச்சுதா?"

"மானம்தான் வலிக்குது. எதிர்வீட்டு வக்கீல் சம்சாரம் மாடி ஜன்னல்ல நின்னு பார்க்கிறா."

"மானத்தை விடு. முதுகு?"

"லேசா குத்துச்சு."

அவ்வளவுதான். வண்டி வீட்டுக்குத் திரும்பாமல் நேராக ஷெட்டுக்குப் போனது.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், இதுக்கு மேல மெத்தையாக்கினா வளைவுல படகு மாதிரி ஆடும். பிரேக்காவது திருப்தியா? நச்சுன்னு பிடிக்குதில்ல?"

"நச்சுன்னு பிடிக்க வேண்டாம்ப்பா. நின்னதே தெரியாம நிக்கணும்."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டான்: "அக்கா, சாருக்கு என்னதான் ஆச்சு?"

"அது தெரியாமத்தான் நானும் படுத்துப் படுத்து எந்திரிக்கிறேன்!"

மறுநாள், அதற்கு மறுநாள் என்று இந்தக் கூத்து தொடர்ந்தது. ஒருநாள் அவள், "குத்தல, குலுங்கல, தூக்கமே வருது, ஆளை விடுங்க" என்று கும்பிடு போட்ட பிறகுதான் நின்றது.

அடுத்த நாள் காலை படுக்கையறையிலிருந்து தலையணையும் போர்வையுமாக வெளியே வந்தார்.

"திரும்பவுமா? என்னால முடியாது."

"இன்னிக்கு நீ படுக்க வேண்டாம்."

வண்டியைத் திருப்பி எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினார்.

அவளுக்குச் சுரீர் என்றது. வக்கீல் வீடு! 'இந்த ஓட்டை வண்டியைத் தெருவை விட்டு எடுக்கணும்' என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன மாதம் வக்கீலுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது அவளுக்கும் தெரியும். டாக்ஸியில் மடங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் கத்தின கத்தல் அவளுக்கும் கேட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது வக்கீல் வீட்டு மருமகன் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக வக்கீலைப் பலகையோடு தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். கட்டில் மாதிரி அகலமான சீட்டு. ஆள் முழுசாகப் படுக்க இடம் சரியாக இருந்தது.

"இந்த வண்டியை எடுக்கச் சொல்லித்தானே நான்..." என்று இழுத்தார் வக்கீல்.

"அதான் எடுத்துட்டேனே சார். தினமும் பிசியோதெரபிக்குப் போகணுமாமே, உங்க மாப்பிள்ளை சொன்னார். நேராப் படுத்துத்தான் போகணும்னு டாக்டர் சொன்னாராம். இந்தக் காலத்துக் கார்ல காலை நீட்ட எங்க இடம்?"

அவள் அவரைத் தனியே இழுத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ படுத்திருப்பியா?"

அவளுக்கு ஆற்றாமை அடங்கவில்லை. "கட்டினவ வருஷக்கணக்கா கத்தினேன், மாத்தல. சண்டைக்காரர் ஒரு நாள் கத்தினா மாத்துவீங்க?"

அவர் காரின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ கத்தினப்போ எல்லாம் கோபம்னு நினைச்சுட்டேன். அவர் கத்தினப்பதான் அது வலின்னு புரிஞ்சுது."

அவள் விறுவிறுவென்று போய் முன் சீட்டில் ஏறி, பின்பக்கம் திரும்பி வக்கீலின் தலையணையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது.

"மெதுவாப் போங்க!" என்று சீறினாள். "பின்னாடி படுத்திருக்கறது உங்க பொண்டாட்டி இல்ல."