உடைச்சா வாரன்ட்டி இல்லை

"அந்த டிஸ்கை மேஜை மேல வைங்க."

டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தான். பழைய ஹார்டு டிஸ்க் பாதி அவன் பைக்குள் போயிருந்தது. மனநல ஆலோசகர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்க நின்றார்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பதறி எழுந்தாள். பேச வந்தவரை உள்ளே அப்படியே விட்டுவிட்டு மேடம் பாதியில் வெளியே வந்து அவள் பார்த்ததே இல்லை. அப்படி என்ன தப்பு செய்துவிட்டோம்? வாரன்ட்டியில் புது டிஸ்க் வந்தது, பழசை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதானே.

"புதுசு உங்களுக்கு, பழசு கம்பெனிக்கு. அதுதானே மேடம் வழக்கம்?" என்று அவன் சிரித்தான். வந்ததிலிருந்து ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன். கலகலப்பான ஆள்.

டிஸ்க் கம்பெனிக்குப் போகட்டும், அதில் இருக்கிற பேச்சு போகக்கூடாது என்றார் ஆலோசகர். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள் இங்கே வந்து கொட்டியதெல்லாம் ஒலிப்பதிவாக அதில் இருந்தது, அவரவர் பெயரோடு. நகல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பழசை அழிக்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

"தாராளமா அழிங்க. எனக்கென்ன," என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஆலோசகர் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் சொருகினார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. ஓட்டப் பந்தயம் பார்ப்பது போல அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். கோடு பாதியைத் தாண்டியது. டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. கோடு நின்றது. அப்புறம் திரையில் டிஸ்கையே காணோம்.

"மண்டையைப் போட்டுடுச்சு மேடம். நல்லதாப் போச்சு, இனிமே யாராலயும் திறக்க முடியாதுல்ல?" என்றாள் அவள்.

"யார் சொன்னா?" அவனுக்கு வாயெல்லாம் பல். "இதைவிட மோசமா செத்ததையெல்லாம் எழுப்பியிருக்கேன். சர்வீஸ் சென்டர்ல அதுக்குன்னே மெஷின் இருக்கு."

ஆலோசகர் டிஸ்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

அவன் எழுந்து வந்தான். "அப்படி என்ன மேடம் பெரிய ரகசியம்? பொம்பளைங்க புருஷனைப் பத்திக் குறை சொல்லியிருப்பாங்க. எங்க வீட்டுல அந்தத் தொல்லையே இல்லை. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல ரகசியம்னு ஒண்ணு கிடையாது." சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். "குடுங்க, நேரமாச்சு."

ஆலோசகர் டிஸ்கைப் பிடுங்கி எடுத்தார். அலமாரியில் சுத்தியல் இருக்கும், எடுத்துட்டு வா என்றார். படம் மாட்டுவதற்காக வாங்கிப்போட்ட சுத்தியல். அந்தப் பெண் ஓடினாள்.

"மேடம், உடைச்சா வாரன்ட்டி இல்லை. புதுசைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

"எடுத்துட்டுப் போங்க."

ஆலோசகர் டிஸ்கைத் தரையில் வைத்து ஓங்கினார். முதல் அடி வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. இரண்டாவது அடியில் மேல் தகடு நெளிந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன வந்ததோ, குனிந்து டிஸ்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஓங்கிப் போடுங்க மேடம்" என்றாள். அடுத்த அடியில் உள்ளே ஏதோ நொறுங்குவது நன்றாகவே கேட்டது. அதோடும் ஆலோசகர் விடவில்லை. உள்ளே இருந்த கண்ணாடித் தட்டு பொடிப்பொடியாகத் தரையில் கொட்டியபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"படிச்சவங்களுக்குத்தான் மேடம் சந்தேகம் ஜாஸ்தி." அவன் தலையை ஆட்டிக்கொண்டே புது டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பைக் தெரு முனையில் திரும்பும்வரை ஆலோசகர் ஜன்னலோரம் நின்றார். பிறகு வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகலில் தாழ்ப்பாள் எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நல்ல மனுஷன், பாவம், அவரைப்போய் இப்படி விரட்டிவிட்டோமே என்றுகூட இருந்தது. இந்தச் சத்தத்துக்கு உள்ளே காத்திருப்பவர் என்ன நினைத்தாரோ என்று ஆலோசகரின் பின்னாலேயே போனாள்.

அறையில் நாற்காலி காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில், இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒருத்தி ஒடுங்கியிருந்தாள்.

ஆலோசகர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்:

"வெளியே வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் போயிட்டார்."