மீன் தலை

இரு நாட்டு அதிகாரிகள் மூடிய அறையில் பேசுவதைத் தமயந்தி மொழிபெயர்த்தாள். அங்கே கேட்கும் எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருந்தாள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களை விடுவிப்பதா என்பதுதான் பேச்சு. அவர்களில் ஒருவன் பக்கத்து வீட்டுச் செலஸ்டீனாவின் கணவன் கபிரியேல்.

செலஸ்டீனா ஒருநாளும் கேட்டதில்லை. தமயந்தி வேலையிலிருந்து திரும்பியதும் மீன்குழம்போடு வந்துவிடுவாள். அந்த வீட்டில் மீன் தலை எப்போதும் கபிரியேலுக்குத்தான். அவன் பிடிபட்டதிலிருந்து அது தமயந்திக்கு வந்தது.

"சாப்பிடுடி. தலையத் தின்னா மூளை வளரும்னு அவரும் தின்னாரு. வளந்திருந்தா எல்லை தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பாள். தமயந்தி முகத்தில் எதுவும் காட்டாமல் தலையை உறிஞ்சி முடிப்பாள். பேச்சு முறிந்து அதிகாரிகள் எழுந்துபோன நாளிலும் அப்படித்தான் தின்றாள்.

இன்று குழம்பு வந்ததும் ஒரு துண்டை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு, தலையிருந்த கிண்ணத்தைச் செலஸ்டீனா பக்கம் நகர்த்தினாள்.

"ஏன்டி, மீன் நாறுதா?"

"நல்ல மீன்க்கா. எனக்கு இது போதும்."

"அப்போ தலை?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

செலஸ்டீனா அவள் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் அதில் ஒன்றுமில்லை.

"நான் ஒண்ணும் கேக்கலடி."

"நானும் ஒண்ணும் சொல்லலக்கா."

செலஸ்டீனா கிண்ணத்தை முந்தானையால் மூடி இரு கைகளிலும் ஏந்தினாள். ஒரு சொட்டும் சிந்திவிடாமல், மெதுவாக வாசலைத் தாண்டினாள்.