புது ஃபியூஸ்

ஹார்ன் அலறியது. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்ற தன் காரில் ஏறி அதை அழுத்திப் பார்த்த தனராஜ் சட்டென்று கையை எடுத்தார். அந்தச் சத்தம் வந்திருக்கவே கூடாது.

காலையில் அவரேதான் பானெட்டைத் திறந்து, ஹார்னுக்கான நல்ல ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கம்பி அறுந்த பழையதை மாட்டினார். உதிரியாகக் கிடந்தவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் பட்டுக் கடைக்கு நடந்தே போய்விட்டார்.

மாட்டுவண்டியும் கைவண்டியும் நெரியும் காஞ்சிபுரத்துத் தெருவில் ஹார்ன் இல்லாமல் கார் ஓட்ட முடியாது. திருட்டுத்தனமாக எடுக்கிறவன் ஃபியூஸை மாற்றித்தான் ஆகவேண்டும்.

பெட்ரோல் விலை கண்டபடி ஏறிக் கிடக்கிற நேரத்தில், சில நாளாகவே டாங்க் மட்டும் காலியாகிக்கொண்டே வந்தது. ஏனாத்தூர் ரோட்டில் பட்டப்பகலில் உங்கள் காரைப் பார்த்தேனே என்று ஜரிகை வியாபாரி சபாபதி வேறு கேட்டிருந்தார்.

முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னால் தள்ளியிருந்தார்கள். டிரைவர் முனிசாமியோ ஆறடி ஆள். எவனோ ஒரு குள்ளனுக்கு வண்டியை வாடகைக்கு விடுகிறான் என்று தனராஜ் முடிவுகட்டினார்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தார். பெட்டிக்குள் புத்தம்புது ஃபியூஸ் கண்ணாடி மின்ன உட்கார்ந்திருந்தது.

"முனிசாமி, இங்க வாப்பா. மத்தியானம் வண்டிய எங்க எடுத்துக்கினு போன?"

"நான் ஓட்டலீங்க ஐயா."

"புது ஃபியூஸ் இருக்குதே?"

"நான் மாத்தலீங்க."

"நீ ஓட்டல, நீ மாத்தல. அப்ப வண்டி தானா ஏனாத்தூர் போயிட்டு வருதா?"

முனிசாமி தரையைப் பார்த்தான். தனராஜ் பானெட்டைப் படாரென்று மூடினார்.

"இத்தினி வருசமா உன்ன நம்பிக் கெட்டேன். சாவிய வெச்சுட்டுக் கெளம்பு."

 முனிசாமி சாவியைப் பானெட் மேல் மெதுவாக வைத்தான்.

"முனிசாமி எங்கயும் போவ வேணாம்."

தனராஜ் திரும்பினார். வாசற்படியில் அவர் மனைவி குணமாலா நின்றிருந்தாள். விரல் நுனியெல்லாம் கிரீஸ் கறுப்பு. உள்ளங்கையை விரித்தாள். கம்பி அறுந்த ஃபியூஸ்.

"பஸ் ஸ்டாண்டு கடையில புதுசு வாங்கியாந்து நான்தான் மாத்தினேன். ஓட்டினதும் நான்தான். முனிசாமி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துது. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

தனராஜ் அந்த ஃபியூஸை எடுத்துப் பார்த்தார். 

"டிரைவர் இருக்கறப்ப உனக்கெதுக்கு இந்த வேலை?"

குணமாலா அவரைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போன மாசம் நீங்க நெஞ்சப் புடிச்சுக்கினு சாஞ்ச அன்னிக்கு முனிசாமி ஊர்ல இல்ல, வண்டி வாசல்லதாங்க நின்னுக்கினு இருந்துது."