கேட்டை மறித்த டிரெய்லர்

நூலைப் பிடித்துப் பார்த்தார்கள்.

நூல் நேராக இருந்தது. டிரெய்லரின் அச்சுதான் நேராக இல்லை.

பட்டறைக்காரர் வெங்கிடுசாமி டிரெய்லருக்கு அடியிலிருந்து முதுகால் ஊர்ந்து வெளியே வந்தார். எப்படி ஆனது என்று கேட்டார்.

பள்ளம் என்றான் அவன்.

பள்ளம் இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளத்தை மட்டும் குற்றம் சொல்வது பாவம்.

மூன்று நாளைக்கு முன், அவன் தங்கை மேனகா வீட்டில் காதுகுத்து. அவன் தாய்மாமன். ஆறு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு வருகிறான். வேன் பிடித்திருக்கலாம். டிராக்டரில் சீர் வந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று தோன்றியது.

ஊர் திரும்பிப் பார்த்தது.

டிரெய்லரில் ஒரு பீரோ, இரண்டு கிடா, முப்பத்தெட்டுச் சொந்தக்காரர்கள். ஐந்து டன் தேங்காயைத் தாங்கிய அச்சு அது. ஆனால் தேங்காய் எட்டிப் பார்க்காது.

மேனகா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். அவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று தெரிந்துகொள்ள முப்பத்தெட்டுப் பேரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். இடது சக்கரம் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கியதும் அப்போதுதான். ஓட்டி வந்த அவனும் பாதையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரித்தாளா என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். டிரெய்லர் கேட்டுக்கு நேர் குறுக்கே வந்து நின்றது. அதற்குமேல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் அதைப் பார்க்க வருகிறான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வளைந்த இரும்பு ராத்திரியோடு ராத்திரியாக நிமிர்ந்துவிடாது. இருந்தாலும் டயரை ஒரு தட்டுத் தட்டுவான். ஒரு சுற்றுச் சுற்றுவான். அதற்குள் காப்பி வந்துவிடும். நின்றபடியே குடிப்பான்.

காது குத்தும்போது மடியில் உட்கார்ந்து அவன் கையைக் கடித்த மருமகள் தன்ஷிகா, புதுத் தோட்டோடு டிரெய்லர் மேல் ஏறிக்கொள்வாள். மேலேயிருந்து மாமா என்று கூப்பிடுவாள். நான்கு வயது. அந்தக் காதுகுத்தில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தான்.

இந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவன் பெயரை மூன்றாவது வரியில் போட்டுவிட்டார்கள். அதற்காக ஆறு வருடக் கோபம். முதல் வரியில் யார் பெயர் இருந்தது என்று இப்போது அவனுக்கே ஞாபகமில்லை.

வெங்கிடுசாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

“நிமித்தறதுன்னா இன்னைக்குப் பொழுதோட முடிச்சுக் குடுத்தர்றனுங்க. புதுசுன்னா வந்து சேரவே எட்டு நாளாகும். உங்க வண்டிக்கு நிமித்தினாலே போதும்.”

இந்த ஜில்லாவிலேயே ஒரே ஒரு நேர்மையான பட்டறைக்காரர். தேடிப் பிடித்து அவரையே கூட்டி வந்திருக்கிறான்.

பொழுதுக்குள் நிமிர்ந்துவிட்டால் நாளைக் காலை இங்கே வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. சீருக்கு அழைத்தாள். அது முறை. காப்பி கொடுக்கிறாள். அதுவும் முறை. ஒன்றுமில்லாமலே வந்து போ என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் வருகிற ஆள் அவன் இல்லை. அந்தப் பெருமையிலேயே ஆறு வருடத்தை ஓட்டியவன்.

குனிந்து அச்சைப் பார்த்தான். அச்சைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். புதுசே போட்டுவிடலாமா என்று இழுத்தான்.

எதற்கு என்று கேட்டார் வெங்கிடுசாமி.

அவன் டயரை ஒரு தட்டுத் தட்டினான்.

வெங்கிடுசாமி ஜாக்கியை உருட்டி வந்தார். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

மேனகா காப்பியோடு வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு டிரெய்லருக்கு அடியில் குனிந்தாள். நிதானமாகப் பார்த்தாள். அவள் பார்த்தது அச்சை அல்ல, ஹைட்ராலிக் குழாயை.

“நிமித்துனதையெல்லாம் நம்பக் கூடாதுங்க. புதுசே போடுங்க. எட்டு நாளென்ன, பத்து நாளானாலும் இங்கயே கெடக்கட்டும்.”

சொன்னது வெங்கிடுசாமியிடம். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வெங்கிடுசாமி அண்ணனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஸ்பேனரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை கடப்பாரையோடு வந்தார். மேனகாவின் புருஷன். மூன்று நாளாக பைக்கை வெளியே எடுக்க முடியாமல் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிற மனிதர்.

நெம்பித் தள்ளப் போகிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

அவர் டிரெய்லரைத் தாண்டிப் போனார். கம்பி வேலி ஓரமாகக் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். புதிதாக ஒரு வழி விடப்போகிறாராம்.

பைக்குக்கு மூன்றடி போதும். டிராக்டருக்குத்தான் பத்தடி வேண்டும்.

மாப்பிள்ளை பத்தடி அளந்தார். கொஞ்சம் யோசித்தார். இன்னும் ஓர் அடி சேர்த்தார்.

அவன் சூடாகவே காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போனான்.