கிட்டார் நின்ற இடம்

"கேளு... கேளு... இதோ, இந்த இடம்!" என்று சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான் லேலண்ட்.

டுலூத் துறைமுக அலுவலகத்தில் அது மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே இருந்த சிக்ரிட்டின் காதிலும் ஓர் இயர்போனைச் செருகியிருந்தான். அவன் உயிரையே விடும், முகமூடி போட்டே மேடையேறும் 'வெள்ளை ஆந்தைகள்' குழு போன மாதம் பாடிய பாட்டு.

"பேஸ் கிட்டார் சட்டுன்னு நின்னு போச்சு. அவ்வளவுதானே?" என்றாள் சிக்ரிட்.

"அவ்வளவுதானேவா? 'உறைஞ்ச ஏரி என் பேரைச் சொல்லலை'ன்னு பாடினதும் கிட்டார் ஊமையாயிடுது. டிரம்ஸ் மட்டும் நெஞ்சு மாதிரி அடிச்சுக்குது. அந்த பேஸ் கிட்டார்காரர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், சிக்ரிட். முகமூடிக்குள்ள அழறார்!"

"தும்மியிருக்கலாம்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! இன்னிக்குச் சாயங்காலம் கச்சேரி. அந்த மௌனத்துக்காகவே முதல் வரிசையில நிக்கப் போறேன். நீயும் வாயேன்."

"எனக்கு வேற வேலை இருக்குப்பா" என்று சிரித்தாள்.

சாயங்காலம், மேடைக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் மாத்திரையை நீட்டினார்.

"இந்தா, அலர்ஜி மாத்திரை. போன தடவை மாதிரி பாட்டு நடுவுல தும்மித் தொலைக்காதே."

சிக்ரிட் இறகு ஒட்டிய ஆந்தை முகமூடியை மாட்டிக்கொண்டு, பேஸ் கிட்டாரைத் தோளில் போட்டாள்.

"இன்னிக்கு மாத்திரை வேண்டாம். செத்துப்போன என் பெண்டாட்டிக்காக அழறதுக்கு முதல் வரிசையில ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."