சோடியத்தின் அளவு

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் சாவித்ரி, ஸ்ரீவராகம் பகுதியிலுள்ள தங்கள் வீட்டில் கணவர் ஸ்ரீகண்டனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள்.

“நாளைக்கு வைவா, வாய்மொழிப் பரீட்சை. இந்தத் தடவையாவது மானத்தை வாங்காதேங்கோ. உப்புப் படிகத்துல சோடியம் அயனியோட அளவை எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“எக்ஸ்ரே காட்டிடும்.”

“அது சோடியத்தோட மையத்துக்கும் குளோரைடோட மையத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் காட்டும்.”

“அப்போ அதுல பாதி.”

“பாதியா? பப்படமா அது, நடுவுல உடைக்க? குளோரைடு பெரிசு. அதோட ஆரத்தை முதல்ல ஒரு கணக்கா வெச்சுண்டு, தூரத்துலேர்ந்து கழிக்கணும்.”

ஸ்ரீகண்டன் தலையைச் சொறிந்தார். “போன வருஷமும் பாதின்னுதான் நினைச்சிண்டிருந்தேன்.”

“அதனாலதானே, கழிக்கணும்னு சரியாச் சொன்ன ஆதிராவை ஃபெயிலாக்கினேள், எக்ஸாமினர் ஸார். நாளைக்கு அவ மறுபடியும் வரா.”