லாண்ட்மாஸ்டருக்கு எத்தனை கார்?

"தள்ளிப் போங்கோ ஐயா! றோட்டை எழுதி வாங்கினனீங்களோ?"

தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றபடியே கத்தினான் சுகிர்தன்.

பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சக்கர உழவு மெசினில், இருந்த மயில்வாகனம் திரும்பிப் பார்த்தார். "ஓம் தம்பி, மெல்ல மெல்லப் போயிடுவன்" என்றார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். மெல்ல மெல்லத்தான் போனார். அவருக்குப் பின்னால் பஸ், மணல் டிப்பர், வான் என்று இருபத்தேழு வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி ஊர்ந்தன.

சுகிர்தனின் வேலையே அதுதான். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் மணிக்கு எத்தனை வாகனம் போகிறது என்று எண்ணி, வீதிகளைப் பார்க்கும் கந்தோருக்கு அறிக்கை எழுத வேண்டும். ஒரே அளவில் கூட்டுவதற்காக, எண்ணியதையெல்லாம் கார்க் கணக்குக்கு மாற்றவும் வேண்டும். ஒரு பஸ் இரண்டு கார். மோட்டார் சைக்கிள் அரைக் கார். முன்னால் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் கால் கார்கூட வராது. இந்த மயில்வாகனத்தை எத்தனை காராக எழுதுவது?

"ஒவ்வொரு நாளும் இதே கூத்தோ, அக்கா?" என்று கடைக்கார விமலேஸ்வரியிடம் கேட்டான்.

"ஓம். காலமை ஏழு மணிக்கெண்டா வந்திடுவார். அது என்னெண்டா தம்பி..."

சுகிர்தன் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டான்.

அறிக்கை நறுக்கென்று இருந்தது. காலை ஆறரையிலிருந்து எட்டு மணிவரை லாண்ட்மாஸ்டர், உழவு மெசின் எதுவும் பிரதான வீதியில் ஏறக்கூடாது. மேலிடம் தலையாட்டியது. பொலிஸ் மயில்வாகனத்தை மறித்துத் திருப்பி அனுப்பியது. மேலதிகாரிக்கு அறிக்கை பிடித்துப்போக, அதை இன்னும் இரண்டு வீதிகளுக்கும் கொண்டுபோனார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ண வந்தான் சுகிர்தன். வீதி பறந்தது. பஸ்கள் பத்து நிமிடம் முந்தி வந்தன. அவனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

எட்டு மணிக்குத் தாளைக் கூட்டிப் பார்த்தான். சைக்கிள் என்ற கட்டத்தில் போன முறை அறுபத்தெட்டு. இந்த முறை மூன்று.

"என்னக்கா, பள்ளிக்கூடம் லீவோ?"

விமலேஸ்வரி முகம் கொடுக்காமல் தேத்தண்ணியை வைத்தாள்.

"லீவில்லை. இந்த றோட்டில பிள்ளையளை ஆர் விடுறது? டிப்பர் உரசிக்கொண்டெல்லோ போகுது. வசதியுள்ளவை ஓட்டோ பிடிச்சு விடுகினம். என்ர மகள் வினோஜா மூண்டு கிழமையா வீட்டில இருக்கிறாள். சோதினை வேற வருது."

"முந்தியும் டிப்பர் ஓடினதுதானே, அக்கா?"

"ஓடினதுதான். பிள்ளையளின்ர சைக்கிளுக்குப் பின்னால மயில்வாகனத்தார் றோட்டை அடைச்சுக்கொண்டு வருவார். அவரை விலத்தி ஆர் முன்னுக்குப் போறது?"

சுகிர்தன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். அன்றைக்கே இவள் சொல்ல வந்தாள். ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்டிருக்கலாம். அந்த மனிதரை நடுறோட்டில் வைத்துக் கத்தியதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

"வயலுக்குப் போற மனிசன் எண்டுதான் நினைச்சன், அக்கா. அவற்ற பாதையையும் நான்தானே மறிச்சுப்போட்டன். இப்ப வயலுக்கு எதால போறார்?"

"வயலோ?" விமலேஸ்வரி அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவற்ற வயல் அவற்ற வீட்டுக் கோடிக்குப் பின்னால கிடக்கு, தம்பி. இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பள்ளிக்கூட வாசல் மட்டும் வந்து, கடைசிப் பிள்ளையும் உள்ளுக்குப் போனாப்பிறகு, திருப்பிக்கொண்டு போவார்."